ராத்திரி பல் தேய்ச்சாச்சா?

யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்த்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காயைச் சின்னச் சின்னச் சொட்டாக வெட்டி, கொழுக்கட்டையின் விளிம்பில் பல் வரிசைபோலச் செருகுவார்கள். வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையை உட்காரவைத்து, தலைவழியே கொழுக்கட்டையைச் சொரிவார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை எல்லாம் பரப்பிவைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று சுற்றிநின்று வேடிக்கை பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சடங்கு அவ்வளவு பரவலாக இல்லை. ஆனால், முதல் பல் வந்த சேதியைப் பாட்டி வீட்டுக்கு உடனே போன் போட்டுச் சொல்லாத வீடு இங்கேயும் கிடையாது. ஆறேழு வருஷம் கழித்து அந்தப் பல் ஆடி விழும்போது, சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் வீசுவது நம் கிராமங்களின் வழக்கம்.

வரவேற்பும் வழியனுப்புதலும் இப்படிச் சீராக நடக்கின்றன. நடுவில் இருக்கும் காலத்தில் அந்தப் பல் என்ன பாடுபட்டது என்று கேட்பவர்கள்தான் குறைவு. இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய வாய் நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவிகிதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 12 வயதில் அது 53.8 சதவிகிதம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பால் பல்லில் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் உலகம் முழுக்க 51.4 கோடி. தடுக்கவே முடியாத நோய் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பல் சொத்தையோ கிட்டத்தட்ட முழுவதுமே தடுக்கக்கூடியது. அதனால்தான் இந்தக் கணக்கைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

தடுப்பதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் வேண்டாம். படுக்கப்போவதற்கு முன் ஒரு முறை, பெரியவர் ஒருவர் தன் கையால் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயதுவரை இதைத் தினமும் செய்ய வேண்டும். காலையில் பல் தேய்க்காமல் காபி குடித்தால் முகம் சுளிக்கும் நம் வீடுகளில், ராத்திரிப் பல் தேய்ப்பு மட்டும் இன்னும் பழக்கமாகவில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

விழுகிற பல்தானே என்கிறவர்களுக்கு

‘எப்படியும் விழுகிற பல்தானே டாக்டர், இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? பிடுங்கிவிடுங்க’ என்று பெற்றோர் சொல்வதைக் கேட்காத பல் மருத்துவர் இருக்க மாட்டார். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோர் அப்படித்தான் சொன்னார்கள்.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாத வாக்கில் கீழ்வரிசை நடுப்பற்கள் முதலில் வரும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுவதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லும் அப்போதே விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் விழுவதற்கு 10 முதல் 12 வயது ஆகும். மூன்று வயதில் கடைவாய்ப் பல் சொத்தையான குழந்தை, இன்னும் எட்டு ஒன்பது வருஷம் அதே பல்லால்தான் மென்றாக வேண்டும்.

பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதைப்போல ஏறக்குறைய பாதிக் கனம்தான். அதனால் மேலே தெரியும் சின்னக் கறுப்புப் புள்ளி சில மாதங்களிலேயே உள்ளே நரம்பு வரைக்கும் போய்விடும். பால் பல்லின் வேருக்கு அடியில் நிரந்தரப் பல்லின் கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சீழ் வைத்தால் அது கீழே வளரும் பல்லின் எனாமலைக் கெடுக்கலாம். கடைவாய்ப் பால் பல்லை நேரம் வருமுன் பிடுங்கினால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். பத்துப் பன்னிரண்டு வயதில் ‘பிள்ளைக்குப் பல் கோணலா வருது, கிளிப் போடணும்’ என்று அலைவதில் ஒரு பங்குக்கு, ஐந்து வயதில் பிடுங்கிய பல்தான் காரணம்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் குழந்தையின் இன்றைய வலி. பல்வலி உள்ள பிள்ளை அதை வார்த்தையில் சொல்லாது. ஒரு பக்கமாகவே மெல்லும். கடிக்க வேண்டிய எதையும் தள்ளிவிட்டு, தயிர்சாதத்தையே கேட்கும். ராத்திரி எழுந்து அழும். மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும். ‘சாப்பிடவே மாட்டேங்கறான், அடம்’ என்று நாம் பெயர் வைக்கும் பல சமயங்களில், கடைவாயில் ஒரு பள்ளம் இருக்கும். விரலால் உதட்டை ஒதுக்கி யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வயதில், பால் பல் வரிசைக்குப் பின்னால் மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கும். இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. எனவே, பெரும்பாலான பெற்றோருக்கு அவை வந்ததே தெரியாது. தெரிந்தாலும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். அவை ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பற்கள். ஆழமான குழிகள் கொண்டவை, உணவு எளிதில் தங்கும். நிரந்தரப் பற்களில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இவைதான். ஆறு வயது முடிந்ததும் பிள்ளையின் வாயைத் திறந்து ஆகக் கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழிகளை மெல்லிய பூச்சால் அடைத்துவைக்கும் ‘சீலன்ட்’ என்ற எளிய சிகிச்சை இருக்கிறது. வலி கிடையாது, ஊசி கிடையாது.

புழுவும் இல்லை, புகையும் வேண்டாம்

கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடித்தால் பல்லுப் புழு கொட்டிவிடும் என்பது பழைய கைவைத்தியம். இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. பல்லுக்குள் புழு கிடையாது. அரிப்பது அமிலம். நம் வாயில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள், குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. பல்மேல் படிந்திருக்கும் மாவு போன்ற படலத்தில் அமிலம் கூடி, பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால், எனாமலிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைய ஆரம்பிக்கும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினார். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அமிலம் ஏறிவிடுகிறது. எச்சில் அதை மெல்ல மெல்லச் சமன்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகிறது. எச்சில் பல்லைப் பழுதுபார்க்கவும் செய்யும். கரைந்த சத்தை மீண்டும் படியவைக்கும். அதற்கு நாம் இடைவெளி விட வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை என்பது முக்கியமாவது இதனால்தான்.

இதைச் சந்தேகமறக் காட்டியது, சுவீடனின் லுண்ட் நகரில் விபெஹோல்ம் மருத்துவமனையில் 1940களில் தொடங்கிய ஆய்வு. அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலேயே, இனிப்பை வெவ்வேறு விதங்களில் கொடுத்துப் பல்லைக் கெடவிட்டுப் பார்த்தார்கள். மனிதத்தன்மையற்ற ஆய்வு அது. இன்றைக்கு எங்கும் அனுமதி கிடைக்காது. ஆனால், அந்த மனிதர்களின் வலியில் கிடைத்த உண்மையை உலகம் மறக்கக் கூடாது: சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்ட சர்க்கரை பல்லை அதிகம் கெடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இடையே அடிக்கடி தின்ற, பல்லில் ஒட்டும் மிட்டாய்தான் பற்களை நாசமாக்கியது. இதன் பிறகுதான் குழந்தைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற வழக்கம் சுவீடனில் வேரூன்றியது.

நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். எழுந்ததும் சர்க்கரை போட்ட பால், அதில் தொட்டுக்கொள்ள ரஸ்க். பத்தரை மணி இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கட். சாயங்காலம் வந்ததும் சத்துப் பானம். டியூஷன் போகும் வழியில் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்கு ஏதாவது. படுக்கும்போது மறுபடியும் பால். ஒவ்வொன்றும் சின்ன அளவுதான். சேர்த்துப் பார்த்தால், எச்சிலுக்கு ஓய்வே கிடைக்காத நாள். சிப்ஸ், முறுக்கு போன்றவை இனிப்பு இல்லையே என்று நினைக்க வேண்டாம். கடைவாய்க் குழியில் அப்பிக்கொள்ளும் மாவுப்பொருளும் வாயிலேயே சர்க்கரையாக உடைந்து அதே வேலையைச் செய்யும். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் பத்து நிமிடம் அடக்கிவைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

சத்துப் பானம் என்றேன். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படித்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம், நாட்டுச் சர்க்கரைதான், கருப்பட்டிதான், தேன்தான் என்று இப்போது பல வீடுகளில் சொல்கிறார்கள். வேறு காரணங்களுக்காக அவை நல்லவையாக இருக்கலாம். பல்லைப் பொறுத்தவரை வித்தியாசம் எதுவும் இல்லை. பாக்டீரியாவுக்கு எல்லாம் சர்க்கரைதான். இருமலுக்குப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வதும், இனிப்பான இருமல் மருந்தைக் கொடுத்துப் படுக்கவைப்பதும் பல்லுக்கு நல்லதல்ல. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தான நச்சுத்தொற்றை உண்டாக்கலாம் என்பதால், ரப்பரில் தேன் தடவிக் கொடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

புட்டியோடு தூங்கும் பிள்ளை

இரண்டு வயதுக் குழந்தையின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, அரிக்கப்பட்டு, வேர் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்வரிசை முத்துப்போல இருக்கும். காரணம், பால் புட்டி. புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. பால் மேல்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். விடிய விடியப் பற்கள் சர்க்கரைப் பாலில் ஊறுகின்றன.

இது திடீரென்று வருவதில்லை. முதலில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம், சரியும் செய்துவிடலாம். பல் மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு போடுவார், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஒரு வயதானதும் புட்டியிலிருந்து டம்ளருக்கு மாற்ற வேண்டும். உடனே முடியாவிட்டால், ராத்திரிப் புட்டியில் சர்க்கரையை நிறுத்தி, பாலில் தண்ணீரின் பங்கை நாளுக்கு நாள் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடலாம். ஒரு வாரம் அழுவார்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பல் வந்த பிறகு அதைக் குடித்தாலும் படுக்கும் முன் பல்லைத் துடைத்துவிட வேண்டும் என்பதே விஷயம்.

பல் முளைக்கிற நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பல் முளைத்தால் பேதியாகும், ஜுரம் வரும் என்று நம்பிக் கைக்குழந்தையின் வயிற்றுப்போக்கைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறோம். பல் முளைப்பதால் ஈறு நமைச்சல் இருக்கும், எச்சில் ஒழுகும், குழந்தை சிணுங்கும். கடுமையான காய்ச்சலுக்கும் பேதிக்கும் காரணம் வேறு. தவழும் வயதில் கண்டதையும் வாயில் வைப்பதால் கிருமி போகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர் கை

மூன்று வயதுப் பிள்ளையிடம் பிரஷைக் கொடுத்து ‘நல்ல பிள்ளை, தானாகவே தேய்க்கிறது’ என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பிள்ளை முன்பல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, பசையைச் சப்பிவிட்டு வந்துவிடும். கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தில் பிரஷைத் திருப்பிப் பிடிக்கும் கைத்திறன் ஏழெட்டு வயதில்தான் வருகிறது. தானாக ஷூ லேஸ் கட்டவும், கோடு தாண்டாமல் எழுதவும் கை பழகும் வயது அது. அதுவரை பிள்ளை தேய்ப்பது விளையாட்டு. அந்த விளையாட்டும் தேவைதான். அதற்குப் பிறகு பெரியவர் தேய்ப்பதுதான் சுத்தம்.

எப்படி உட்காரவைப்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் எதிரும் புதிருமாக நின்று தேய்த்தால் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள். காலில் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டிகள் நம்மிடம் உண்டு. இதுவும் அப்படித்தான், திசைதான் வேறு. மேலே விளக்கு வெளிச்சம், கீழே திறந்த வாய். இடது கை விரலால் உதட்டை ஒதுக்கி, சின்னத் தலையும் மென்மையான நார்களும் கொண்ட பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்துச் சிறுசிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெல்லும் பரப்பில் முன்னும் பின்னும். எந்தப் பல்லில் தொடங்கினீர்களோ, தினமும் அங்கேயே தொடங்குங்கள். அப்போதுதான் எதுவும் விட்டுப்போகாது. இரண்டு நிமிடம் போதும். அடம்பிடிக்கும் குழந்தை என்றால் இரண்டு பெரியவர்கள் முட்டியோடு முட்டி சேர்த்து எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் பிள்ளையைக் கிடத்தலாம். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்ல, மற்றவர் தேய்க்கலாம்.

பல் முளைப்பதற்கு முன்பே தொடங்குவது நல்லது. பால் குடித்தபின் சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்துவிட்டால், வாய்க்குள் கைபடுவது குழந்தைக்குப் பழகிவிடும். முதல் பல் வந்த அன்றே பிரஷ் வந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டு இரண்டு வயதில் தொடங்கினால் அப்போது சண்டைதான்.

பழக்கம் உண்டாவது அறிவுரையால் அல்ல. அப்பா ராத்திரி பல் தேய்க்கிறாரா என்று பிள்ளை பார்க்கிறது. அவர் தேய்க்காமல் படுத்துவிட்டு ‘போய்த் தேய்’ என்றால் எடுபடாது. குடும்பத்தோடு சேர்ந்து தேய்க்கும் வீடுகளில் இந்த வேலை தானாக நடக்கிறது. முதலில் பிள்ளை அம்மாவுக்குத் தேய்த்துவிடட்டும், பிறகு அம்மா பிள்ளைக்கு. பிரஷின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தேய்த்ததற்குப் பரிசாகச் சாக்லேட் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு கதை சொல்லுங்கள், போதும். அப்புறம், தேய்க்காததற்குத் தண்டனையும் வேண்டாம்.

நம் வீடுகளில் உண்மையான தடங்கல் ராத்திரிப் பால்தான். சாப்பாடு எட்டரைக்கு, பால் ஒன்பதரைக்கு, பாலைக் குடித்தபடியே தூக்கம். அந்தப் பாலைச் சாப்பாட்டை ஒட்டி முன்னே நகர்த்திவிடுங்கள். பால், பிறகு பல், பிறகு படுக்கை. தேய்த்த பின் தண்ணீர் மட்டும். இந்த ஒரு விதியைத் தாத்தா பாட்டியும் ஒத்துக்கொண்டால்தான் நிலைக்கும். ‘பாவம், பிள்ளை பசியோட தூங்குது’ என்று பத்து மணிக்கு பிஸ்கட் நீட்டும் அன்பு, கையைப் பிடித்துத் தடுக்க வேண்டிய அன்பு.

பட்டாணி அளவு

பற்பசை விளம்பரங்களில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பசை வைத்துக் காட்டுவார்கள். மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணி அளவு. அதற்குமேல் தேவையில்லை. பசை ஃபுளோரைடு உள்ளதாக இருக்க வேண்டும். பொம்மைப் படம் போட்டுக் குழந்தைகளுக்கென்று விற்கும் பசைகளிலும், மூலிகைப் பசைகளிலும் பலவற்றில் ஃபுளோரைடு இருப்பதில்லை. உறையில் பி.பி.எம். என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1000 என்றிருந்தால் நல்லது.

ஃபுளோரைடு என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பற்களில் பழுப்புக் கோடுகளோடு வளர்ந்த தலைமுறைகளைப் பார்த்த மாநிலம் இது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியால் வந்த கேடு அது. பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்கியது. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆனால், இதே பொருள்தான் பல்லைக் காக்கவும் செய்கிறது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் பார்க்கப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், உள்ளூர்க் குழந்தைகள் பலரின் பற்கள் பழுப்பேறியிருப்பதைக் கண்டார். அந்தக் கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருந்தது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. குடிநீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931இல் தெரியவந்தது. மிகையானால் கறை, அளவோடு இருந்தால் காப்பு. எனவேதான் அரிசிமணி, பட்டாணி என்று அளந்து சொல்கிறார்கள். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இருப்பவர்கள் பல் மருத்துவரிடம் கேட்டுப் பசையைத் தேர்ந்தெடுங்கள். கரித்தூள், செங்கல்பொடி, சாம்பல் போன்றவை எனாமலைத் தேய்த்துவிடும், சின்னப் பிள்ளையின் வாயில் வேண்டவே வேண்டாம்.

இதில் நம் பழக்கத்தோடு மோதும் ஒரு விஷயம் உண்டு. பல் தேய்த்தபின் மூன்று நான்கு தடவை கொப்பளிப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அப்படிச் செய்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். சாப்பிட்டதும் நன்றாகக் கொப்பளியுங்கள், அது நல்ல பழக்கம். ராத்திரி தேய்த்த பிறகு மட்டும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

ஊசி போடச் சொல்வேன்!

‘சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டி வளர்த்துவிட்டு, வலி வந்த நாளில் அதே டாக்டரிடம் வாயைத் திற என்றால் பிள்ளை திறக்குமா? முதல் பிறந்தநாளுக்குள் முதல் தடவை பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் பரிந்துரை. வலி இல்லாதபோது போனால் நாற்காலி ஏறி இறங்குகிறது, கண்ணாடி பார்க்கிறது, வீடு திரும்புகிறது. அடுத்த முறை பயம் இருக்காது. செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023இல் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கற்பூரம், கிராம்பு எண்ணெய் வைத்துக் காத்திருக்கும் வேளை அல்ல அது.

அங்கன்வாடியில் ஒரு பிரஷ்

பெற்றோர் இருவரும் ராத்திரி வேலைக்குப் போகும் வீடுகள் இருக்கின்றன. தண்ணீருக்கே அல்லாடும் வீடுகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டிவிட முடியாது. இங்கே அரசு வர வேண்டும்.

ஸ்காட்லாந்து இதைச் செய்து காட்டியிருக்கிறது. ‘சைல்ட்ஸ்மைல்’ என்ற திட்டத்தில், மழலையர் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் ஆசிரியர் கண்காணிப்பில் ஃபுளோரைடு பசையால் பல் தேய்க்கிறார்கள். பிரஷும் பசையும் இலவசம். பள்ளியில் சேரும் முதலாண்டுக் குழந்தைகளில் வெளிப்படையான சொத்தை இல்லாதவர்கள் 2003இல் 45 சதவிகிதம். 2022இல் 73 சதவிகிதம். பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்று தள்ளிவிட முடியாது. பிலிப்பைன்ஸ் அரசுப் பள்ளிகளில் கை கழுவுவது, பல் தேய்ப்பது, குடற்புழு மாத்திரை மூன்றையும் ஒரே திட்டமாக இணைத்து நடத்தினார்கள்.

நம்மிடம் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்திருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டு, குழாயடியில் கை கழுவுகிறார்கள். அந்த வரிசையிலேயே பல்லும் தேய்க்கலாம். பட்டாணி அளவு என்பது கால் கிராம். வருஷத்துக்கு 220 வேலை நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 55 கிராம் பசை, சின்ன டியூப் ஒன்று. பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று. குழந்தைகள் நலப் பரிசோதனைக்காக 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும் என்பது விதி. பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பல் சொத்தையும் இருக்கிறது. சொத்தையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வதற்குத் திட்டம் இருக்கிறது. வராமல் தடுக்கும் பிரஷுக்குத்தான் நிதி வேண்டும்.

இதைத் தமிழக அரசு உடனடியாகச் செய்ய வேண்டும். முதலில் ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம், தர்மபுரி போன்ற இடங்களில் தண்ணீரைச் சோதித்து அதற்கேற்ற பசையோடு. பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கி, எங்கள் பிள்ளைகள் சாப்பிட்டதும் பல் தேய்க்க ஒரு பிரஷும் பசையும் வேண்டும் என்று கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.